என் கால்சியமும் உன் நெஞ்செரிச்சலும்

இன்று காலையும் அந்த ரோஸ் நிறக் கேப்சூல் கிடைக்கவில்லை. அடுகோடியில் மூன்று மருந்துக் கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் ஸ்டாக் இல்லை. இரண்டாவது கடையில் நாளைக்கு வரும் என்றார்கள். நேற்றும் அதையேதான் சொன்னார்கள். மூன்றாவது கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வைட்டமின் டி தானே சார், வாரத்துக்கு ஒண்ணு போடறது இருக்கு, அதைக் குடுக்கட்டா?" என்று கேட்டார். இது வேறு, கழுத்துச் சுரப்பி கெட்டுப்போனவனுக்கு அந்த வாராந்திர மாத்திரை உதவாது என்று விளக்க ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் இருமலுக்கு மருந்து வாங்க வந்தவர். என் கழுத்துத் தழும்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பாதியில் விட்டுவிட்டேன். கடைக்காரர் கொடுத்த கால்சியம் டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். அதிலும் வழக்கமான கம்பெனி இல்லை. நம் லேத் பட்டறைக்கு வந்து மூடியைத் திறந்தால் சாக்பீஸும் ஆரஞ்சு மிட்டாயும் கலந்த ஒரு வாசனை.

அந்த வாசனை உனக்கு ஆகாது. "இதத் திங்கறதுக்கு நீ செவுத்தையே நக்கலாம் மச்சா" என்பாய். நீ இருந்திருந்தால் அந்த மூன்று கடையிலும் கன்னடத்தில் சண்டை போட்டிருப்பாய். எனக்குச் சண்டை போடத் தெரியாது. திருப்பத்தூரிலிருந்து வந்து முப்பது வருடம் ஆகியும் என் கன்னடம் 'பேக்கா, பேடாவா', அதாவது வேணுமா வேண்டாமா, என்பதோடு நிற்கிறது. மர்பி டவுனில் பிறந்த நீதான் நம் இருவருக்கும் சேர்த்துப் பேசினாய். இப்போது யாரும் பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எரிச்சலில்தான் எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே.

என் கழுத்துக் கட்டியை முதலில் பார்த்தது என் மனைவி மல்லிகாதான். ஆனால் அதைப் பட்டறை வரிசை முழுக்கப் பரப்பியது நீ. "இன்னா மச்சா, இட்லிய முழுங்காம தொண்டையிலயே வெச்சிருக்கியா?" என்று வெல்டிங் கடை நசீர் பாய் முன்னால் கேட்டாய். அவர் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, தைராய்டு முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். கட்டி கெட்ட கட்டி இல்லை என்று பின்னால் ரிப்போர்ட் வந்தது. அதற்காகச் சந்தோஷப்பட ஒரு நாள்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நான்கு சுரப்பிகள் இருக்கின்றனவாம். ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது அவைதானாம். ஐம்பது வருடம் அவை எனக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. அறுவை சிகிச்சையில் அவை அடிபட்ட மறுநாள்தான் தெரிந்தது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. நர்ஸ் வந்து என் காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். மேலுதடு தானாகத் துள்ளியது. "கால்சியம் எறங்குது" என்று சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார்.

அந்த நேரம் பார்த்தா நீ ஃபிளாஸ்க்கில் காபியோடு வந்து நிற்க வேண்டும்? அவர் தட்டியதை நீ பார்த்துவிட்டாய். அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை.

நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஷட்டரைத் தூக்கியதும் என் முகத்தைப் பிடித்துக் கன்னத்தில் தட்டினாய். "துள்ளல. பரவால்ல, மிஷின் போடு." மறுநாளும் அதையே செய்தாய். ஒருநாள் பம்ப் கம்பெனி இன்ஜினியர் ஷாஃப்ட் அளவு சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து தட்டினாய். அந்த ஆள் பயந்து ஓரடி பின்னால் போனார். "ஒண்ணுமில்ல சார், கால்சியம் செக்கிங்" என்று அவரிடம் சிரித்தாய். கையிலிருந்த ஸ்பேனரை உன்மேல் எறிந்துவிடலாமா என்று எனக்கு இருந்தது.

மாத்திரைகளின் சட்டதிட்டம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தைராய்டு மாத்திரை எழுந்தவுடன் வெறும் வயிற்றில். அதற்குப் பிறகு நான்கு மணி நேரம் கால்சியம் கிட்டே வரக்கூடாது. வந்தால் முதல் மாத்திரை வேலை செய்யாது. கால்சியம் மட்டும் சாப்பாட்டோடுதான் போக வேண்டும். ரோஸ் கேப்சூல் காலையும் மாலையும். இதையெல்லாம் நீ என் லேத்துக்குப் பின்னால் இருந்த சுவரில் சாக்பீஸால் கட்டம் போட்டு எழுதினாய். வேலை அளவுகள் எழுதும் இடம் அது. மேலே 'புஷ், முப்பத்தெட்டு மில்லிமீட்டர்'; கீழே 'மத்தியானம் கால்சியம் ரெண்டு'. வருகிறவன் எல்லாம் படித்தான்.

அதுவும் போதாது என்று மல்லிகாவோடு போனில் கூட்டணி வேறு. "அண்ணே, காலையில ரெண்டு இட்லிதான் சாப்ட்டாரு" என்று அவள் சொல்வாள். "நா பாத்துக்கறேன் தங்கச்சி" என்று நீ சொல்வாய். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். ஐம்பது வயது ஆளை, லேத்தில் அரை நூல் பிசகாமல் கடைபவனை, பால்வாடிப் பிள்ளைபோல நடத்தினீர்கள்.

"கிரிகிரி பண்ணாதடா, தொல்ல தாங்கல" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். நீ சொன்ன பதில் எப்போதும் ஒன்றுதான்: "உனுக்கு எதுனா ஆச்சுன்னா அந்த பெரிய லேத்த யாரு ஓட்டறது, உங்க அப்பாவா?"

கால்சியம் சாப்பிடச் சாப்பிட எனக்கு வயிறு உப்பியது. மலச்சிக்கல். சாப்பிட உட்கார்ந்தாலே வெறுப்பு. அதை டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். உன்னிடம் சொன்னேன். நீ சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்து ஒரு கேப்சூலைப் பிதுக்கினாய். "கேஸ்தான். இத காலையில ஒண்ணு போடு. நான் ஒரு வருசமா போடறேன், இல்லன்னா நெஞ்சு எரிஞ்சி சாவடிக்கும்." நானும் போட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் தினமும் போட்டேன். உன் பை எப்போதும் நிறைந்தே இருந்தது. ஐம்பத்துமூன்று வயது ஆளுக்கு ஒரு வருடமாக நெஞ்சு ஏன் எரிகிறது என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணி இருக்கும். நீளமான ஷாஃப்ட் ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தேன். டூல் தானாக நகர்ந்து, ஷாஃப்டைக் கவ்விச் சுழற்றும் 'சக்' பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கிட்டே வந்ததும் லீவரைத் தூக்கி நிறுத்த வேண்டும். முப்பது வருடமாகச் செய்கிற வேலை. கை போனது, லீவரைப் பிடித்தது, ஆனால் தூக்கவில்லை. மணிக்கட்டு உள்பக்கம் மடங்கியது. விரல்கள் நீட்டிக்கொண்டு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன, கட்டைவிரல் உள்ளே இழுத்தது. சுவரில் நிழல் காட்டுகிறவர்கள் பாம்புத் தலை செய்வார்களே, அப்படி ஆகிவிட்டது என் கை. அது என் கை மாதிரியே இல்லை. இன்னொரு கையும் அதேபோல ஆகிக்கொண்டிருந்தது. கத்த நினைத்தேன், தாடை இறுகிவிட்டது. டூல் சக்கில் போய் மோதினால் உடைந்து என் முகத்தில்தான் தெறித்திருக்கும்.

நீ அந்தப் பக்கம் டிரில்லிங் மிஷினில் இருந்தாய். சத்தம் மாறியதை வைத்துத் திரும்பியதாகப் பின்னால் சொன்னாய். ஒரே தாவலில் வந்து சிவப்பு பட்டனை அடித்தாய். மிஷின் நின்றதும் நீ முதலில் செய்தது என்ன தெரியுமா? என் கன்னத்தில் தட்டினாய். "துள்ளுதுடா. நல்லா துள்ளுது. நசீர் பாய், ஆட்டோ நிறுத்துங்க."

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் என் மூச்சிரைப்பைப் பார்த்துவிட்டு டென்ஷன் என்றார். ஒரு காகிதக் கவரைக் கொடுத்து அதற்குள் மூச்சு விடச் சொன்னார். நான் கவரைப் பிடிக்கக்கூட முடியாமல் பாம்புத் தலைக் கைகளோடு உட்கார்ந்திருந்தேன். நீ கன்னடத்தில் மெதுவாகத்தான் ஆரம்பித்தாய். "சார், கால்சியம் நோடி சார்" என்று கால்சியத்தைப் பார்க்கச் சொன்னாய். அவர் கையமர்த்தினார். நீ இன்னொரு தடவை சொன்னாய். பிறகு என் தலையை அவர் பக்கம் திருப்பி, காலரை இறக்கித் தழும்பைக் காட்டி, கன்னத்தில் தட்டினாய். உதடு துள்ளியது. அவர் எழுந்து வந்து தானும் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ரத்தம் எடுத்தார்கள். கால்சியம் குறைந்தால் இதயத் துடிப்பு பிசகும் என்று நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். நரம்பு வழியாகக் கால்சியத்தை மெதுமெதுவாக ஏற்றினார்கள். உடம்பு முழுக்க ஒரு சூடு பரவி, விரல்கள் ஒவ்வொன்றாக என்னிடம் திரும்பி வந்தன.

நீ கட்டில் ஓரம் நின்று, சுண்டுவிரலில் தொடங்கி என் விரல்களை நீவி விட்டுக்கொண்டிருந்தாய். உன் கையில் கிரீஸ் இருந்தது. வெள்ளைப் போர்வையெல்லாம் கறை. நர்ஸ் திட்டினார்.

மத்தியானம் என்னைப் பார்க்கும் பெரிய டாக்டரம்மா வந்தார். தமிழ் தெரிந்தவர்.

"மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா?"

"போட்டேன் மேடம்."

"நா சாட்சி மேடம்" என்றாய் நீ.

"வேற எதாவது மாத்திரை? யோசிச்சுச் சொல்லுங்க."

நான் உன்னைப் பார்த்தேன். நீ பையிலிருந்து பட்டையை எடுத்து நீட்டினாய். அவர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் இந்தக் கால்சியம் கரைந்து உடம்பில் சேரும். இந்தக் கேப்சூல் அமிலத்தையே நிறுத்திவிடும். ஒரு மாதமாகச் சாப்பிட்டதில் பாதி வீணாகப் போயிருக்கும் என்றார். உன் முகம் எப்படியோ ஆகிவிட்டது. உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"இது யாருக்கு எழுதிக் குடுத்தது?" என்று கேட்டார்.

"யாரும் எழுதல மேடம். எனக்கு நெஞ்சு எரியும். கடையில வாங்கறேன்."

"எப்போ எரியும்? சாப்ட்ட பிறகா?"

நீ யோசித்தாய். "வெயிட்டு தூக்கும்போது மேடம். மாடி ஏறினா."

அவர் உடனே ஒரு சீட்டு எழுதினார். "கீழ ஈசிஜி ரூம் இருக்கு. இப்பவே எடுத்துட்டு, ரிப்போர்ட்டோட என்கிட்ட வாங்க. வீட்டுக்குப் போகாதீங்க."

"ஆகட்டும் மேடம்."

மறுநாள் காலை கால்சியம் அளவு சரியாகி என்னை அனுப்பும்வரை நீ ஈசிஜி எடுக்கவில்லை. கிளம்பும்போது அந்த ரூமைத் தாண்டித்தான் போனோம். வாசலில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நீ நின்றாய். நிஜமாகவே நின்றாய். "எடுத்துட்டு போயிரலாமா மச்சா?" என்றாய். எனக்குப் பசி. கை நரம்பெல்லாம் வலி. ஆஸ்பத்திரி வாசனையே குமட்டியது. "நாளைக்கு வந்து எடுத்துக்கலாம், வாடா" என்று சொன்னது நான்தான்.

நான்கு பேர். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. முந்தின நாள் என் பக்கத்துக் கட்டில் காலியாகத்தான் கிடந்தது. என் நெஞ்சில் ஒட்டிய அந்த ஒயர்களை உன் நெஞ்சிலும் ஒட்டச் சொல்லியிருக்கலாம். இதை எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நாளைக்கு என்பது அடுத்த வாரம் ஆனது. அப்புறம் உன் மனைவி ஜெசிந்தாவின் தங்கை வீட்டுக் கல்யாணம். அப்புறம் கிறிஸ்துமஸ். நான் நினைவுபடுத்தாமல் இல்லை. "அந்த ஈசிஜி?" என்பேன். "ரத்தத்துல கால்சியம் இல்லாதவன் பேச்ச எல்லாம் கேக்க முடியாது" என்பாய். ஆனால் என் ரத்தப் பரிசோதனை ஒன்றைக்கூட நீ தவற விட்டதில்லை. ரிசல்ட்டை என் போனுக்கு அனுப்பாமல் உன் போனுக்கு வரும்படி லேபில் நம்பரை மாற்றிக் கொடுத்திருந்தாய். எனக்குக் கொடுத்த கேஸ் கேப்சூலை நிறுத்தினாய். உன்னுடையதை நிறுத்தவில்லை, என் கண்ணில் படாமல் பேன்ட் பைக்கு மாற்றிக்கொண்டாய், அவ்வளவுதான்.

கடைசி நாள் ஒரு லோடு இறக்கினோம். நான்கு இரும்புத் தடி. மூன்றாவதில் நீ எண்ணெய் டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டாய். முகத்தில் வேர்வை. மார்ச் மாத வெயில் என்று நினைத்தேன். நான்காவது தடியை நானும் நசீர் பாயும் இறக்கினோம். எனக்கு மூச்சு வாங்கியது, முதுகு பிடித்துக்கொண்டது. அப்போது பார்த்து நீ கேட்டாய்: "மத்தியானத்து மாத்திர போட்டியா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நீ என்ன என் பொண்டாட்டியா? ஒன்றரை வருசமா ஒரே பாட்டு. ஒரு நாளாவது என்ன மனுசனா விடறியா? உன் வேலயப் பாருடா" என்றேன். நசீர் பாய் கேட்டுக்கொண்டு நின்றார். நீ பதிலுக்குத் திட்டவில்லை. நீ திட்டாமல் இருந்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். "கொஞ்சம் படுத்துட்டு வரேன்" என்று ஸ்கூட்டரை எடுத்தாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரில் நீ எழுதியிருந்த கட்டத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மணிக்கு ஜெசிந்தா போன் செய்தாள். மர்பி டவுன் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். ஹார்ட் அட்டாக்காம், போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். உன் பேன்ட் பையிலிருந்த சாமான்களை ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார்கள். சாவி, சில்லறை, அந்தப் பட்டை. அதில் இரண்டு கேப்சூல் மீதி இருந்தது. என்னால் அழ முடியவில்லை. உன்னை எழுப்பி உட்காரவைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது.

மூன்றாம் நாள் ஜெபத்துக்கு வீடு நிறையக் கூட்டம். எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது உள்ளறையில் உன் போன் அலறியது. ஜெசிந்தா ஓடிப்போய் அமுக்கினாள். ஜெபம் முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, இது தினமும் இப்படியே அடிக்குது. எப்படி நிறுத்தறதுன்னு தெரியல. நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

ஒரு நாளைக்கு ஐந்து அலாரம் வைத்திருந்தாய். ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டிருந்தாய். தைராய்டு. கால்சியம். கால்சியம், சாப்பாட்டோட. கேப்சூல். கேட்டியா. அந்தக் கடைசி அலாரம் மாலை ஏழு மணிக்கு. மாத்திரை போட்டேனா என்று கேட்க நீ எனக்குப் போன் செய்யும் நேரம். ஐந்தும் எனக்கு. உனக்கென்று ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றாக நிறுத்தினேன். ஜெசிந்தாவுக்கு முன்னால் என் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்துவிட்டது. அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "நானும் மூணு நாளா அதேதான் சொல்லிட்டிருக்கேன்" என்றாள்.

அவளிடம் அந்த நான்கு பேர் வரிசையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வா போகலாம் என்று சொன்னது நான் என்பதையும் சொன்னேன். மறைத்து வைத்துக்கொண்டு அந்த வீட்டில் காபி குடிக்க என்னால் முடியவில்லை. "மறுநாள் நான் கூட்டிட்டுப் போயிருக்கலாம். அதுக்கு மறுநாளும் இருந்துச்சு" என்றாள். அது சமாதானம் இல்லை, உண்மைதான். இருந்தாலும் அந்த முதல் நாள் என்னுடையது.

உனக்குத் தெரிய வேண்டிய சமாச்சாரம்: அந்தச் சுரப்பிகள் எழுந்திருக்கவில்லை. ஒரு வருடத்துக்குமேல் ஆகியும் எழுந்திருக்காவிட்டால் இனி எழுந்திருக்காது, ஆயுள் முழுக்க மாத்திரைதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதிகம் போட்டால் சிறுநீரகத்தில் கல், குறைத்தால் கையில் பாம்பு. நடுவில் ஒரு நூல் அளவு இடம். அதில்தான் நடந்துகொண்டிருக்கிறேன். வழியில் விரல் மரத்தால் ஆட்டோவிலேயே மாத்திரையைக் கடித்து மெல்கிறேன். டிரைவர்கள் கண்ணாடியில் பார்க்கிறார்கள். உன் டிரில்லிங் மிஷினுக்கு ஆள் போடவில்லை. நானே இரண்டையும் ஓட்டுகிறேன், மோசமாக.

போன மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு திங்கட்கிழமை நசீர் பாய் ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையைத் தோளிலிருந்து கீழே வரைக்கும் நீவிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாம் தடவை மிஷினை நிறுத்திவிட்டுப் போனேன்.

"என்ன பாய்?"

"ஒண்ணும் இல்ல. சனிக்கிழம அந்த கேட்ட தூக்கினேன்ல, அதான்."

"எழுந்து வாங்க."

"எங்க?"

"ஈசிஜி எடுக்க."

"அரே, சும்னே எதுக்கு பரேஷான் பண்றீங்க? டெலிவரி இருக்கு."

அவருடைய கேஸ் சிலிண்டரை நானே மூடினேன். ஷட்டரை நானே இறக்கினேன். ஆட்டோவில் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் அன்றைக்கு வரிசையில் ஏழு பேர். "பாத்தீங்களா? நாளைக்கு காலையில வரலாம், நானே வரேன், அல்லா மேல" என்று எழுந்தார். நான் போய்க் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டேன். எனக்கும் பசித்தது. என் மாத்திரை நேரமும் தாண்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். ஒன்றேகால் மணி நேரம் அப்படியே நின்றேன்.

ஒன்றுமில்லை என்று வந்தது. ரத்தமும் பார்த்தார்கள், அதிலும் ஒன்றுமில்லை. தசைப் பிடிப்பு, தைலம் தேய்த்தால் போதும் என்றார்கள். நசீர் பாய் டெலிவரியைத் தவறவிட்டார். வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டு போகிறார்: "அவன் போனா இவன் ஆரம்பிச்சுட்டான். இவனுங்க ரெண்டு பேரும் மனுசன நிம்மதியா வேலை செய்ய விடமாட்டானுங்க." உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார், நீ இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருப்பதுபோல.

இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி கூட்டிப்போவேன். அடுத்த வாரம் ஜெசிந்தாவுக்கு ஈசிஜி. அவளும் வேண்டாம் என்றுதான் சொல்கிறாள். திட்டிக்கொண்டே வரட்டும்.